சொந்த மின்னஞ்சல் சேவையகம் அமைத்தலும் காத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெபியன் லினக்ஸின் மேல் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஆர்ஸ்பாம்டி ஆகிய மூன்று மென்பொருள்களைக் கொண்டு ஒரு சிறு அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ குடும்பத்துக்கோ அஞ்சல் சேவையகம் நடத்த நினைப்பவர்களை மனத்தில் வைத்து இந்த விடைகளை எழுதியிருக்கிறேன். இருபத்தாறு அஞ்சல் பெட்டிகள் கொண்ட ஒரு சேவையகத்தை ஒன்பது ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன்; அந்தக் காலத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவையே இங்கே உள்ளன.

பெரிய நிறுவனங்கள் இலவசமாகத் தரும்போது நாமே ஏன் நடத்த வேண்டும்?

எல்லோரும் நடத்த வேண்டியதில்லை. ஆனால் வங்கிக் கணக்கு, வருமான வரி, பிள்ளைகளின் பள்ளி என ஒருவருடைய எல்லாக் கணக்குகளுக்கும் கடவுச்சொல்லை மீட்டுத் தரும் சாவி அவருடைய அஞ்சல் பெட்டியில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டி ஒருநாள் காரணம் சொல்லாமல் முடக்கப்பட்டால், முறையிடுவதற்கு ஒரு மனிதர்கூடக் கிடைக்காத நிலையைப் பலர் கண்டிருக்கிறார்கள். இன்னொரு காரணமும் எனக்கு முக்கியமானது. அஞ்சலை ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்ல 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானதல்ல. அதனால்தான் இன்றும் ஒரு தனி மனிதர் தன் சேவையகத்திலிருந்து உலகின் எந்த அஞ்சல் பெட்டிக்கும் யாரிடமும் உரிமம் பெறாமல் எழுத முடிகிறது. பெரும்பாலான செய்திச் செயலிகளில் இந்த உரிமை நமக்கு இல்லை. இந்த உரிமையைப் பயன்படுத்துவோர் குறையக் குறைய, எஞ்சியிருக்கும் சிறு சேவையகங்களைப் பெரியவர்கள் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதும் கூடிக்கொண்டே போகிறது.

மாதத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள், சேவையகம் எழுதிவைக்கும் பதிவேடுகளைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். அவர்கள் சொந்த டொமைன் (அஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) ஒன்றை மட்டும் வாங்கி, அஞ்சலை நம்பகமான கட்டணச் சேவை ஒன்றிடம் ஒப்படைப்பதே நல்லது. டொமைன் கையில் இருந்தால் சேவையாளரைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டு இணைய இணைப்பிலேயே நடத்தலாமா?

பெறுவதற்கு ஒருவேளை முடியும். அனுப்புவதற்கு முடியாது என்றே கொள்ளுங்கள். வீட்டு இணைப்புகளில் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் எண், அடிக்கடி மாறும். பல இணைப்புகளில் உங்களுக்கென்று தனி முகவரியே இருக்காது. சேவையகங்கள் ஒன்றோடொன்று பேசும் 25-ஆம் போர்ட் (எண்ணிட்ட வாசல்) பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். வீட்டு இணைப்புகளுக்கான முகவரித் தொகுதிகளை, தடைப்பட்டியல்கள் வெளியிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பு தனிப் பட்டியலாகவே வைத்திருப்பதால், அங்கிருந்து புறப்படும் கடிதம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.

அப்படியானால் வாடகைச் சேவையகம் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வேகத்தைவிட முகவரியின் பூர்வீகம் முக்கியம். உங்களுக்குத் தரப்படும் ஐபி முகவரி முன்பு வேறு யாரோ வைத்திருந்தது. அவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் அந்தப் பழி உங்கள் தலையில் விழும். ஆகவே முதல் நாளிலேயே அந்த முகவரியைத் தடைப்பட்டியல்களில் தேடிப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் வேறு முகவரி கேளுங்கள். தர மறுத்தால் அந்தச் சேவையகத்தை விட்டுவிடுங்கள்.

25-ஆம் போர்ட்டில் வெளியே அனுப்ப அனுமதி உண்டா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அமேசான், கூகுள், டிஜிட்டல் ஓஷன் ஆகியவற்றின் மேகச் சேவைகளில் இது இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கும். ஐபி முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவை நீங்களே அமைத்துக்கொள்ள வசதி வேண்டும், ஏனென்றால் அது உங்கள் டொமைனின் டிஎன்எஸ் (பெயர்களை ஐபி முகவரிகளோடு இணைக்கும் இணையப் பதிவு) பக்கத்தில் இருக்காது. முகவரியை வாடகைக்கு விட்டவர் கையில்தான் இருக்கும். நினைவகம் 2 ஜிபி போதும். கிளாம்ஏவி என்னும் வைரஸ் தேடியையும் சேர்த்தால் அது ஒன்றே ஒரு ஜிபிக்கு மேல் விழுங்கும் என்பதால் 4 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மென்பொருள்கள் எதற்கு? எல்லாம் அடங்கிய ஒரே தொகுப்பு கிடையாதா?

உண்டு. மெயில்கவ், மெயில்-இன்-எ-பாக்ஸ், ஐரெட்மெயில் போன்றவை ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் அமைத்துவிடும். அவற்றைப் பயன்படுத்துவதில் தவறு ஏதும் இல்லை. ஆயினும் ஒருமுறையாவது வெறும் டெபியனில் ஒவ்வொன்றையும் கையால் நிறுவிப் பழகிவிட்டுப் பின்னர் தொகுப்புக்குப் போவதையே நான் பரிந்துரைக்கிறேன். அஞ்சல் நிற்கும் நாளில், எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தவரால்தான் அதைச் சரிசெய்ய முடியும்.

படிகள் எளிமையானவை. வீட்சே வெனெமா எழுதி 1998-ல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் தபால்காரர்: கடிதத்தை வெளியிலிருந்து வாங்குவதும் வெளியே கொண்டுபோவதும் அதன் வேலை. டிமோ சிரைனன் 2002-ல் தொடங்கிய டவ்காட் அஞ்சல் பெட்டி: கடிதங்களைச் சேமித்து வைத்து, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, உங்கள் கைபேசிக்குக் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஆர்ஸ்பாம்டி உட்கார்ந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் மதிப்பெண் போடுகிறது.

டிஎன்எஸ் பதிவுகளில் எவை கட்டாயம்?

நிறுவுவதைக் காட்டிலும் இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சேவையகத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் ஐபி முகவரியைக் காட்ட வேண்டும். பிடிஆர் பதிவு அதே ஐபியிலிருந்து அதே பெயரைத் திருப்பிக் காட்ட வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் மற்ற சேவையகங்களிடம் வணக்கம் சொல்லும்போதும் அதே பெயரையே சொல்ல வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாத சேவையகத்தின் கடிதங்களைப் பலர் உள்ளேயே விடுவதில்லை. ஐபிவி6 என்னும் புதிய வகை முகவரியும் இருந்தால் அதற்கும் தனியாகப் பிடிஆர் வேண்டும். இதை மறந்தவர்களின் கடிதம் ஜிமெயிலுக்குச் சில வேளை போகும், சில வேளை போகாது. காரணம் தெரியாமல் நாள்கணக்கில் அலைவார்கள்.

டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்தச் சேவையகம் வாங்கும் என்பதை எம்எக்ஸ் பதிவு சொல்கிறது. அதில் பெயரைத்தான் எழுத வேண்டும். ஐபி முகவரியை எழுதக் கூடாது.

அடுத்தது எஸ்பிஎஃப். இந்த டொமைனின் பெயரால் அஞ்சல் அனுப்ப எந்தெந்த முகவரிகளுக்கு உரிமை உண்டு என்று ஊரறியச் சொல்லும் ஒற்றை வரி அது. அதன் கடைசியில் உள்ள ‘ஆல்’ என்ற சொல்லுக்கு முன் அலைக்குறி இட்டால் ‘மற்றவற்றைச் சந்தேகியுங்கள்’ என்றும், கழித்தல் குறி இட்டால் ‘மற்றவற்றை மறுத்துவிடுங்கள்’ என்றும் பொருள். கூட்டல் குறி இட்டுவிட்டால் உலகில் யாரும் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று நீங்களே கையெழுத்திட்டதாக ஆகும். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்க வேண்டும். அதைப் படித்து முடிக்கப் பத்துக்கு மேற்பட்ட டிஎன்எஸ் தேடல்கள் தேவைப்பட்டால் அந்தப் பதிவு பிழையானதாகக் கருதப்படும்.

டிகேஐஎம் என்பது புறப்படும் ஒவ்வொரு கடிதத்திலும் இடப்படும் முத்திரை. தனிச் சாவி சேவையகத்தில் இருக்கும்; பொதுச் சாவியை டிஎன்எஸ்-இல் வெளியிட வேண்டும். 2048 பிட் சாவியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவி டிஎன்எஸ்-இல் ஒரு சரத்துக்கு உரிய 255 எழுத்து வரம்பைத் தாண்டும் என்பதால், இரண்டு துண்டுகளாக மேற்கோள் குறிகளுக்குள் எழுத வேண்டியிருக்கும். துண்டுகளின் நடுவில் ஓர் எழுத்து விடுபட்டாலும் முத்திரை செல்லாது.

இவ்விரண்டையும் வாசகர் காணும் அனுப்புநர் முகவரியோடு இணைப்பது டிமார்க். அனுப்புநர் வரியில் உள்ள டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் உறுதிசெய்த டொமைனும் பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று அது பெறுபவருக்குச் சொல்கிறது. முதலில் ‘ஒன்றும் செய்ய வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்புங்கள்’ என்ற நிலையில் ஒரு மாதம் விடுங்கள். அந்த அறிக்கைகளில்தான் நீங்கள் மறந்துபோனவை வெளிப்படும். எங்கள் அலுவலகத்தின் ரசீது மென்பொருள் வேறொரு சேவையகத்தின் வழியாக எங்கள் பெயரில் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்ததை நான் இரண்டாவது வாரத்து அறிக்கையில்தான் கண்டுபிடித்தேன். அதைச் சரிசெய்த பிறகே ‘மறுத்துவிடுங்கள்’ என்ற நிலைக்கு மாறினேன்.

எந்தெந்தப் போர்ட்களைத் திறக்க வேண்டும்?

மற்ற சேவையகங்களிடமிருந்து வாங்க 25, உங்கள் பயனர்கள் அனுப்ப 465, படிக்க 993. பழைய செயலி எதையாவது பயன்படுத்துவோர் இருந்தால் 587-ஐயும் திறக்கலாம். குறியாக்கமின்றித் தொடங்கும் 143, 110 ஆகியவற்றை மூடிவிடுங்கள். முதல் எழுத்திலிருந்தே குறியாக்கத்தோடு தொடங்கும் 465, 993 ஆகியவற்றையே 2018-ல் வெளிவந்த ஆர்எஃப்சி 8314 என்னும் இணைய நெறி ஆவணம் பரிந்துரைக்கிறது. கடவுச்சொல் கொடுத்து உள்நுழையும் வசதியை 25-ஆம் போர்ட்டில் அடியோடு நிறுத்திவிடுங்கள். அந்தத் தேவை அங்கே யாருக்கும் இல்லை, திருடர்களைத் தவிர.

25-ஆம் போர்ட்டில் குறியாக்கத்தைக் கட்டாயமாக்கலாமா?

ஆக்கினால் பழைய சேவையகங்களிலிருந்து வரும் அஞ்சல் நின்றுபோகும். எனவே ‘இருந்தால் பயன்படுத்து’ என்ற அளவில் வைப்பதே வழக்கம். இதில் ஒரு குறை உண்டு: நடுவில் இருப்பவர் ‘குறியாக்க வசதி உண்டு’ என்ற ஒரு வரியை நீக்கிவிட்டால், இரு சேவையகங்களும் வெறும் எழுத்தில் பேசத் தொடங்கிவிடும். இதைத் தடுக்க எம்டிஏ-எஸ்டிஎஸ், டேன் என்னும் இரு வழிகள் உள்ளன. டேன் வலுவானது, ஆனால் டிஎன்எஸ் பதிவுகள் போலியல்ல என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் கையொப்பம் டொமைனுக்கு வேண்டும். அது முடியாதவர்கள் எம்டிஏ-எஸ்டிஎஸ் கொள்கைக் கோப்பு ஒன்றையாவது தங்கள் இணையதளத்தில் வைக்கலாம்.

குறியாக்கத்துக்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. புதுப்பித்தல் தானாக நடந்தாலும், புதிய சான்றிதழை எடுத்துக்கொள்ளும்படி டவ்காட்டிடம் சொல்லும் கட்டளையையும் அதோடு சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கோப்பு புதியதாக இருக்கும், டவ்காட் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும், ஒரு காலையில் எல்லோருடைய கைபேசியும் எச்சரிக்கும். சான்றிதழ்களின் ஆயுளை 2029-க்குள் 47 நாளாகக் குறைப்பதென உலக அளவில் முடிவாகியிருப்பதால், கையால் புதுப்பிக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

‘திறந்த ரிலே’ என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

முன்பின் தெரியாத ஒருவர் கொண்டுவந்த கடிதத்தை, முன்பின் தெரியாத இன்னொருவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவையகம். போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவியவுடன் அப்படி இருப்பதில்லை. ‘மைநெட்வொர்க்ஸ்’ என்ற வரியில் நம்பிக்கைக்குரிய முகவரிகளாக ஒரு பெரிய தொகுதியையே எழுதி நாம்தான் அப்படி ஆக்கிவிடுகிறோம். அதில் சேவையகத்தின் சொந்த முகவரியைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. 25-ஆம் போர்ட் அடைக்கப்படாத வெளி இணைப்பு ஒன்றிலிருந்து ஒருமுறை அந்தப் போர்ட்டில் இணைந்து, வெளியூர் முகவரி ஒன்றுக்கு அனுப்பச் சொல்லிப் பாருங்கள். 554 அல்லது 454 என்று தொடங்கும் மறுப்பு வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

எல்லாப் பூட்டும் போட்ட பிறகும் எங்கே உடைகிறது?

பயனரின் கடவுச்சொல்லில். எங்கள் சேவையகத்தில் ஒரு முறை நடந்ததை அப்படியே சொல்கிறேன். காலை ஐந்தே முக்காலுக்குக் கண்காணிப்புச் செய்தி வந்து, அஞ்சல் வரிசையில் காத்திருக்கும் கடிதங்களை எண்ணிப் பார்த்தேன். வழக்கமாக மூன்று அல்லது நான்கு இருக்கும் இடத்தில் பதினோராயிரத்துக்கும் மேல் இருந்தன. அனுப்புநர் ஒருவரே: கணக்குப் பிரிவில் உள்ள ஓர் அம்மா. பதிவேட்டில் பார்த்தால், நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்காலுக்கு அவருடைய பெயரில், சரியான கடவுச்சொல்லோடு, முதல் முயற்சியிலேயே ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். அதே கடவுச்சொல்லை அவர் ஒரு கடைத்தளத்திலும் வைத்திருந்ததும், அங்கிருந்து அது கசிந்திருந்ததும் பின்னர் தெரிந்தன.

போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தினேன், கடவுச்சொல்லை மாற்றினேன், டவ்காட் பழைய கடவுச்சொல்லை இடைநினைவில் வைத்திருக்கலாம் என்பதால் அதையும் துடைத்தேன், அந்த அனுப்புநரின் கடிதங்களை மட்டும் வரிசையிலிருந்து நீக்கிய பிறகு போஸ்ட்ஃபிக்ஸை மீண்டும் தொடங்கினேன். இதெல்லாம் அரை மணி நேர வேலை. எங்கள் ஐபி தடைப்பட்டியல்களிலிருந்து வெளியே வர நான்கு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகும் இரண்டு வாரம் எங்கள் கடிதங்கள் பலருடைய ஸ்பேம் பெட்டியில்தான் விழுந்தன. சம்பளச் சீட்டு வரவில்லை என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று ஃபெயில்2பேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பல முறை தவறாக முயல்பவரைத் தடுப்பது அதன் வேலை; முதல் முறையே சரியாக நுழைபவரை அது எப்படித் தடுக்கும்? அன்றைக்கு இல்லாத மூன்று காப்புகள் இப்போது உள்ளன. முதலாவது, ஒரு பயனர் ஒரு மணி நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் அனுப்பலாம் என்ற வரம்பை ஆர்ஸ்பாம்டியில் வைத்தேன். போஸ்ட்ஃபிக்ஸிலேயே உள்ள வரம்புகள் இணையும் ஐபியைக் கொண்டு எண்ணுபவை. பல ஐபிகளிலிருந்து ஒரே பயனர் பெயரில் வருபவரை அவை பிடிக்காது. இரண்டாவது, உள்நுழைந்தவர் தன் முகவரியைத் தவிர வேறு பெயரில் அனுப்ப முடியாதபடி செய்தேன். மூன்றாவது, பயனர்கள் கடவுச்சொல்லைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் நானே உருவாக்கிய நீண்ட கடவுச்சொல்லைத் தனித்தனியாகத் தருகிறேன். கைபேசியில் ஒருமுறை பதிந்துவிட்டால் யாரும் அதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. எனவே மறுப்புச் சொன்னவர்களும் ஒரு வாரத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

உள்ளே வரும் ஸ்பேமை எப்படிக் குறைப்பது?

ஆர்ஸ்பாம்டி நிறுவியவுடனேயே பெரும்பகுதியைப் பிடித்துவிடும். அதன் சொல்வழிக் கணிப்பு வேலை செய்யத் தொடங்க, நல்லதிலும் கெட்டதிலும் குறைந்தது 200 கடிதங்கள் வீதம் கற்பிக்க வேண்டும். தமிழில் கடிதப் போக்குவரத்து உள்ளவர்கள் தங்கள் பழைய தமிழ்க் கடிதங்களை நல்லவையாகக் கற்பித்துவிட்டால் பிழைகள் கணிசமாகக் குறையும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சேவையகம் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ்-ஐப் பயன்படுத்தினால் ஸ்பாம்ஹாஸ் பதில் சொல்ல மறுத்து, 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பும். எந்தப் பதில் வந்தாலும் ‘பட்டியலில் உள்ளது’ என்று புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்ட பழைய அமைப்பு, வருகிற எல்லா அஞ்சலையும் மறுத்துவிடும். டிஎன்எஸ் தேடலைத் தானே செய்யும் அன்பவுண்ட் என்னும் சிறு மென்பொருளைச் சேவையகத்திலேயே நிறுவி அதன் வழியாகத் தேடச் செய்யுங்கள்.

புதிய அனுப்புநரைச் சில நிமிடம் கழித்து வரச் சொல்லும் ‘கிரேலிஸ்டிங்’ முறையை எல்லோருக்குமாக வைக்காதீர்கள். வங்கியிலிருந்து வரும் ஓடிபி அதன் ஆயுள் முடிந்த பிறகு வந்து சேரும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டிக்கே போகிறது. ஏன்?

புதிய டொமைனையும் புதிய ஐபியையும் எவரும் உடனே நம்புவதில்லை. முதல் சில வாரங்கள் உண்மையாகப் பதில் எழுதக்கூடியவர்களுக்கு மட்டும் எழுதுங்கள்; அவர்கள் கடிதத்தை ஸ்பேம் பெட்டியிலிருந்து எடுத்துப் பதில் போடுவதைவிட நல்ல சாட்சியம் இல்லை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் எல்லா அனுப்புநர்களிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கேட்கின்றன. ஜிமெயில் பிடிஆரையும் குறியாக்கத்தையும் எல்லோரிடமும் கேட்கிறது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம். ஸ்பேம் என்ற புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. சங்கத்தின் மாதச் செய்திமடலை அன்றாடக் கடிதங்கள் போகும் அதே ஐபியிலிருந்து அனுப்புவதைத் தவிர்ப்பது நல்லது.

நம் சேவையகத்துக்கு வரும் அஞ்சலை ஜிமெயிலுக்கு முன்னனுப்பலாமா?

வேண்டாம். மற்றவருடைய கடிதம் உங்கள் ஐபியிலிருந்து போவதால் எஸ்பிஎஃப் உடையும். வந்த ஸ்பேமையும் நீங்களே அனுப்பியதாகக் கணக்கெழுதப்படும்.

சேவையகம் இரண்டு நாள் நின்றுபோனால் அஞ்சல் தொலைந்துவிடுமா?

தொலையாது. அனுப்பும் சேவையகம் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நான்கைந்து நாள் மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது நெறிமுறை. போஸ்ட்ஃபிக்ஸும் இயல்பாக ஐந்து நாள் முயலும். இதற்காக இரண்டாவது எம்எக்ஸ் சேவையகம் ஒன்றை வைப்பது வீண்; பாதுகாப்பு குறைந்த அந்த வாசலைத்தான் ஸ்பேம் அனுப்புவோர் முதலில் தட்டுகிறார்கள்.

காப்புப்படியில் எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

அஞ்சல் பெட்டிகள், அமைப்புக் கோப்புகள், பயனர் பட்டியல், டிகேஐஎம் தனிச் சாவி. படி வேறொரு நிறுவனத்தின் இடத்தில், குறியாக்கத்தோடு இருக்கட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு வெற்றுச் சேவையகத்தில் அதை மீட்டுப் பாருங்கள். நான் முதன்முறை மீட்டபோது பயனர் பட்டியல் அதில் இல்லை.

புதுப்பிப்புகளை உடனுக்குடன் செய்ய வேண்டுமா?

பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தானாகவே நிறுவும்படி விடுங்கள். எக்ஸிம் என்னும் அஞ்சல் மென்பொருளில் 2019-ல் வெளிப்பட்ட ஓட்டையின் வழியே வெளியாள் சேவையகத்தில் கட்டளைகளை இயக்க முடிந்தது. திருத்தம் வந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்தும், புதுப்பிக்காத சேவையகங்களை ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவினர் தாக்குவதாக 2020 மே மாதம் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை எச்சரித்தது. 2023 டிசம்பரில் வெளியான ‘எஸ்எம்டிபி கடத்தல்’ போஸ்ட்ஃபிக்ஸையும் தொட்டது: ஒரு கடிதத்தின் முடிவுக்குறியை இரு சேவையகங்கள் வெவ்வேறாகப் புரிந்துகொள்வதால், ஒரு கடிதத்துக்குள் இன்னொரு போலிக் கடிதத்தை மறைத்து அனுப்ப முடிந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 3.9 முதல் இதற்கான தடுப்பு இயல்பாகவே இயங்குகிறது.

முகவரியைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். அதற்கான நெறிமுறை 2012-ல் வகுக்கப்பட்டது. ஜிமெயில் 2014-லும் போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 பதிப்பு 2015-லும் அதை ஏற்றன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே மேல்நிலை டொமைன்கள் உள்ளன. ஆனால் பெறும் சேவையகத்தில் இந்த வசதி இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும்; பல இணையதளப் படிவங்களும் தமிழ் முகவரியைத் தவறென்று சொல்லும். ஆகவே ஒரே பெட்டிக்குத் தமிழில் ஒன்றும் ரோமன் எழுத்தில் ஒன்றுமாக இரண்டு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். தமிழ் முகவரிக்கு முதல் கடிதம் வந்த நாளில் பதிவேட்டின் அந்த வரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

ஒருநாள் இதை நிறுத்த வேண்டி வந்தால்?

சேவையகத்தை நிறுத்தலாம், டொமைனை விட்டுவிடக் கூடாது. நீங்கள் புதுப்பிக்காத டொமைனை வேறொருவர் வாங்கினால், உங்கள் பெயருக்கு வரும் எல்லா அஞ்சலும், கடவுச்சொல் மீட்புக் கடிதங்கள் உட்பட, அவருக்குப் போகும். பெட்டிகளை வேறு சேவைக்கு மாற்றி, எம்எக்ஸ் பதிவை அங்கே திருப்பி, டிஎன்எஸ்-இலிருந்து பழைய டிகேஐஎம் சாவியையும் எஸ்பிஎஃப் வரியிலிருந்து பழைய ஐபியையும் நீக்குங்கள். வங்கி முதலிய கணக்குகளில் முகவரியை மாற்றிய பிறகும் சில ஆண்டுகளுக்கு டொமைன் கட்டணத்தைக் கட்டிவாருங்கள். நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு காப்பீட்டு நிறுவனம் இன்னும் அந்தப் பழைய முகவரிக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கும்.